சர்வரின் தேதியையும் நேரத்தையும் திருத்துதல்: முதலில் பிழையின் அளவைப் பாருங்கள்

சர்வரின் கடிகாரம் தவறாக ஓடுகிறது என்று தெரிந்தவுடன் பலரும் செய்வது, கைப்பேசியைப் பார்த்து அந்த நேரத்தை அப்படியே உள்ளிட்டுவிடுவதுதான். அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சில சமயம் இருக்கும் பிழையை மறைத்து, அதைவிடப் பெரிய பிழையொன்றை உள்ளே வைத்துவிடும். கடிகாரம் எவ்வளவு தவறியிருக்கிறது என்ற அளவே அது ஏன் தவறியது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகையால், எதையும் மாற்றுவதற்கு முன் அந்த அளவைத் தாளில் குறித்துக்கொள்வதிலிருந்து இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரியின் கணக்கறை, ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலையின் எடைமேடை அறை, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தின் அலுவலகம் போன்ற இடங்களில் ஒன்றிரண்டு சர்வர்களைப் பிற வேலைகளோடு சேர்த்துப் பார்த்துக்கொள்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரும்பகுதி லினக்ஸ் சர்வரைப் பற்றியது. விண்டோஸ் பற்றி இறுதியில் சுருக்கமாக உண்டு. கட்டளைகள் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இட வேண்டும். நேர மண்டலப் பெயர்களில் மட்டும் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்.

இரண்டு கடிகாரங்கள்

ஒரு சர்வரில் இரண்டு கடிகாரங்கள் உள்ளன. ஒன்று மதர்போர்டில் இருக்கும் வன்பொருள் கடிகாரம். மின்சாரம் இல்லாதபோதும் சிறு பேட்டரியின் துணையால் ஓடிக்கொண்டிருக்கும். மற்றொன்று இயங்குதளம் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் கடிகாரம். சர்வர் தொடங்கும்போது வன்பொருள் கடிகாரத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொண்டு, பிறகு தனியே ஓடும். பில் போடும் மென்பொருள், தரவுத்தளம், லாக் (நிகழ்வுப் பதிவு) எல்லாம் இரண்டாவதைத்தான் கேட்கும். அந்தக் கடிகாரம் உள்ளுக்குள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை எண்ணிவருகிறதே தவிர, இந்திய நேரம் என்ற ஒன்றை அது அறியாது. அந்த எண்ணிக்கை உலகப் பொது நேரத்தைச் சார்ந்தது. அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டித் திரையில் காட்டுவது நேர மண்டலக் கோப்பின் வேலை. ஆகவே எண்ணிக்கை தவறாமலேயே திரையில் காட்டப்படும் நேரம் தவறலாம் என்பதை மறக்கக் கூடாது.

நிலையைப் படித்தல்

முதற்கட்டளை எதையும் மாற்றாது, இருப்பதைக் காட்டும்.

டைம்டேட்சிடிஎல்

டைம், டேட் ஆகிய இரண்டையும் இடைவெளியின்றிச் சேர்த்து, அவற்றோடு சி, டி, எல் ஆகிய மூன்று எழுத்துகளை ஒட்டினால் இக்கட்டளை வரும். ஏழு வரிகள் தோன்றும். முதல் வரி உள்ளூர் நேரம், இரண்டாவது உலகப் பொது நேரம், மூன்றாவது வன்பொருள் கடிகாரத்தின் நேரம், நான்காவது நேர மண்டலம். ஐந்தாவது வரி கடிகாரம் வெளி மூலத்தோடு ஒத்திசைந்திருக்கிறதா என்பதையும், ஆறாவது வரி ஒத்திசைவுச் சேவை (வெளி மூலத்திடம் நேரம் கேட்டுத் திருத்தும் நிரல்) ஓடுகிறதா என்பதையும், ஏழாவது வரி வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் சொல்லும். இந்த ஏழையும் அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டு, அதே நொடியில் கைப்பேசி காட்டும் நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இப்போது கழித்துப் பாருங்கள். சர்வர் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால், கடிகாரத்தில் தவறே இல்லை. நேர மண்டலம் மட்டும் இந்தியாவுக்கு அமைக்கப்படவில்லை. வாடகைக்கு எடுத்த மேகச் சர்வர்களில் இதுவே வழக்கம், ஏனெனில் அவை உலகப் பொது நேரத்தில் அமைக்கப்பட்டே வருகின்றன. இரவு 2 மணிக்கு என்று நீங்கள் குறித்து வைத்த பேக்கப் காலை 7.30 மணிக்கு, ஆலை வாசலில் மரவள்ளிக்கிழங்கு லாரிகள் எடைக்கு வரிசை கட்டி நிற்கும் வேளையில் தொடங்கி, எடைச்சீட்டுத் திரையை உறையச் செய்கிறது என்றால் காரணம் இதுதான்.

இந்த இடத்தில்தான் கையால் திருத்துவது பெருந்தீங்கு செய்கிறது. மண்டலம் பொது நேரமாகவே இருக்க, காலை 10.00 என்று நீங்கள் உள்ளிட்டால், திரை சரியாகத் தெரியும். ஆனால் சர்வரின் உள்ளெண்ணிக்கை உண்மையைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே போய்விடும். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஒருமுறைக் கடவுச்சொற்கள் செல்லாமல் போகும், வெளிச் சேவைகள் கோரிக்கைகளை நிராகரிக்கும், கோப்புகளுக்கு எதிர்காலத் தேதி விழும். ஒத்திசைவுச் சேவை ஓடிக்கொண்டிருந்தால் கையால் நேரம் மாற்ற அது விடாது என்பதால், பலர் அந்தச் சேவையை நிறுத்திவிட்டு மாற்றுகிறார்கள். பிறகு அதைத் திரும்ப ஓடவிடுவதில்லை. அப்படிப்பட்ட சர்வர் அன்றிலிருந்து யாரிடமும் நேரம் கேட்காமல் தன்போக்கில் ஓடத் தொடங்குகிறது.

மாறாக, சர்வர் ஐந்தரை மணி நேரம் முந்தியிருந்தால், வன்பொருள் கடிகாரத்தில் யாரோ உள்ளூர் நேரத்தை வைத்திருக்க, லினக்ஸ் அதைப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு மேலும் ஐந்தரை மணியைக் கூட்டியிருக்கிறது. முன்பு விண்டோஸ் ஓடிய கணினியை லினக்ஸுக்கு மாற்றியிருந்தாலோ, பயாஸ் திரையில் (இயங்குதளத்துக்கு முன் வரும் கணினி அமைப்புத் திரை) சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்திருந்தாலோ இப்படி ஆகும்.

சில நொடிகளோ சில நிமிடங்களோ பிசகியிருந்தால் அது இயல்பான நழுவல். ஒத்திசைவு இல்லை என்று பொருள். வன்பொருள் கடிகாரத்தை நடத்துவது நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிழை என்பது அத்தகைய படிகத்துக்குச் சாதாரணம். அதுவே நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் நொடி, மாதத்துக்கு ஏறக்குறைய ஐம்பது நொடி ஆகிவிடும். இப்படிகங்கள் 25 டிகிரி செல்சியஸ் அளவில் சரியாக ஓடும்படி செய்யப்படுபவை. அதைவிடச் சூடேறினாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். சித்திரை வெயிலில் குளிர்சாதனம் இல்லாத சேலத்து அறையிலும், மார்கழி இரவில் ஏற்காட்டு அறையிலும் ஒரே கணினி வெவ்வேறு அளவில் பின்தங்கும் என்பதால், மாதத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கையால் கூட்டிவிடலாம் என்ற எண்ணம் பலிக்காது.

பிழை ஆண்டுக்கணக்கில் இருந்தால் மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் யூபிஎஸ்சும் வடிந்து சர்வர் அணைந்து, மாலையில் எழும்போது இது வெளிப்படும். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் ஒத்திசைவுச் சேவை தான் கடைசியாக அறிந்த நேரத்தை வட்டில் குறித்து வைப்பதால், ஆண்டு பின்னே போகாமல், மின்சாரம் போன தருணத்திலேயே கடிகாரம் நின்றதுபோல் தோன்றுவதும் உண்டு. இடைப்பட்ட ஏழெட்டு மணி நேரம் காணாமல் போயிருக்கும். காரணம் அதே பேட்டரிதான்.

மாற்றுவதற்கு முன்

நேரத்தை முன்னே தள்ளுவதைவிடப் பின்னே இழுப்பது ஆபத்தானது. 11.40-க்குப் பதிவான பில்லுக்கு அடுத்த பில் 11.05 என்று பதிவானால், நேர வரிசையை நம்பும் எந்த அறிக்கையும் குழம்பும். கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பதால், அந்தக் குழப்பம் தணிக்கையாளரின் மேசை வரை போகும். ஆகவே கடை சாத்திய பிறகு இந்த வேலையைச் செய்யுங்கள். முதலில் பேக்கப் எடுங்கள். பின்னர் பில் மென்பொருளையும், நேரம் குறித்து ஓடும் க்ரான் வேலைகளையும், கடைசியாகத் தரவுத்தளத்தையும் நிறுத்துங்கள். திரும்பத் தொடங்கும்போது இவ்வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுங்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான பிழைக்கு இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை.

நேர மண்டலம்

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/கொல்கத்தா

சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்கச் சொல்வது. சேலத்துக்கும் கொல்கத்தாவுக்கும் ஒரே பெயர்தான். சென்னை என்று தேடினால் கிடைக்காது. பழைய கணினிகளில் நகரத்தின் பழைய ஆங்கிலப் பெயரோடு அமைந்திருந்தால் அதுவும் இதையே குறிக்கும், மாற்ற வேண்டாம். இந்தியாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்திருந்த ஏற்பாடு 1945-இல் முடிந்த பிறகு இந்திய நேர மண்டலக் கோப்பில் எந்த மாற்றமும் இல்லை. அதனால் ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் இந்தப் பகுதியில் மீண்டும் கைவைக்கத் தேவையிராது.

மண்டலத்தை மாற்றியதும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பழைய மண்டலத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றை நிறுத்தித் தொடங்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் தொடங்கும்போதுதான் கணினியின் மண்டலத்தைப் படிக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம், நிறுவும்போது இருந்த மண்டலத்தைத் தன் அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைத்துக்கொள்வதால், அதை அந்தக் கோப்பில் தனியே திருத்த வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் டேட்டைம் வகையில் சேமித்த பழைய பதிவுகள் அப்படியே நிற்கும், டைம்ஸ்டாம்ப் வகைப் பதிவுகளோ புதிய மண்டலத்துக்கு ஏற்ப ஐந்தரை மணி நேரம் நகர்ந்து தெரியும். பழைய பில்களின் நேரம் எந்த வகையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று மென்பொருள் தந்தவரிடம் கேட்டறியாமல் இயங்கும் சர்வரில் மண்டலத்தை மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருப்பதாக நிலைத்திரையின் ஏழாவது வரி சொன்னால், அதைப் பொது நேரத்துக்குத் திருப்புங்கள்.

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 0

வெளி மூலத்தோடு ஒத்திசைத்தல்

நேரத்தை நாமே வைப்பதைவிட, நேரம் காப்பவரிடம் கேட்டுக்கொள்ளும்படி சர்வரைப் பழக்குவதே முறை. இந்தியாவின் சீர்நேரத்தைக் காப்பது புதுடெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தம் கணினிக் கடிகாரங்களை அந்த ஆய்வகத்தின் நேர சர்வரோடோ, தேசிய தகவலியல் மையத்தின் நேர சர்வரோடோ, அவற்றைப் பின்பற்றும் வேறு சர்வர்களோடோ ஒத்திசைக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. சிறிய அலுவலகம்தானே என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். செலவில்லாத, ஒருமுறை செய்தால் போதுமான வேலை இது.

இதற்கு க்ரோனி என்ற மென்பொருளையே நான் தேர்ந்தெடுப்பேன். இணையம் அடிக்கடி அறுந்து வரும் இடத்திலும் அது தளராமல் வேலை செய்யும். தன் கணினியின் கடிகாரம் எவ்வளவு நழுவுகிறது என்று கற்றுக்கொண்டு, இணையம் இல்லாத நேரத்திலும் அதை ஈடுகட்டும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் ஓரிரு நாள் இணையமின்றி இருக்க நேரும் ஏற்காட்டு அலுவலகங்களுக்கு இந்தக் குணம் முக்கியம். ரெட் ஹாட் வகை லினக்ஸில் க்ரோனியே இயல்பாக வரும். 2025 அக்டோபருக்கு முந்தைய உபுண்டுப் பதிப்புகளில் அதை நிறுவினால், அங்கு முன்பிருந்த எளிய ஒத்திசைவுச் சேவை விலகிக்கொள்ளும். இரண்டும் ஒன்றாக ஓடக் கூடாது.

க்ரோனியின் அமைப்புக் கோப்பு, ஈடிசி அடைவில் க்ரோனி.கான்ஃப் என்ற பெயரில் இருக்கும். டெபியன், உபுண்டுவில் அதற்குள்ளே க்ரோனி என்ற துணை அடைவில் இருக்கும். அதில் இவ்வரிகளைச் சேர்க்க வேண்டும்.

சர்வர் டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க் ஐபர்ஸ்ட்
சர்வர் சமய்1.என்ஐசி.இன் ஐபர்ஸ்ட்
சர்வர் சமய்2.என்ஐசி.இன் ஐபர்ஸ்ட்
மேக்ஸ்டெப் 1.0 3
ஆர்டிசிசிங்க்

மூன்று மூலங்களைத் தருவதற்குக் காரணம் உண்டு. ஒன்று மட்டும் இருந்தால் அது பிசகினாலும் தெரியாது. இரண்டு இருந்து முரண்பட்டால் எது சரி என்று முடிவு செய்ய வழியில்லை. நான்காவது வரி (மேக், ஸ்டெப் என்ற இரண்டும் இடைவெளியின்றிச் சேர்ந்தது), பிழை ஒரு நொடிக்கு மேல் இருந்தால், தொடக்கத்தின் முதல் மூன்று அளவீடுகளுக்குள் மட்டும் ஒரே தாவலில் திருத்த அனுமதிக்கிறது. அதன் பிறகு எந்தப் பிழையையும் கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் மெல்லவே ஈடுகட்டும். இந்த மெல்லிய திருத்தத்தில் நேரம் ஒருபோதும் பின்னே போவதில்லை என்பதுதான் தரவுத்தளத்துக்குப் பாதுகாப்பு. கடைசி வரி, ஒத்திசைந்த நேரத்தைப் பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை வன்பொருள் கடிகாரத்திலும் எழுதச் செய்கிறது.

சேவையை நிறுத்தித் தொடங்கிச் சில நிமிடம் கழித்து இதைப் பாருங்கள்.

க்ரோனிசி சோர்ஸஸ்

ஒவ்வொரு மூலத்தின் முன்னும் இரு குறிகள் இருக்கும். அவற்றில் இரண்டாவதைப் பாருங்கள். உடுக்குறி இருந்தால் அந்த மூலத்தைச் சர்வர் தேர்ந்தெடுத்துப் பின்பற்றுகிறது; கேள்விக்குறி இருந்தால் அதை எட்ட முடியவில்லை. ரீச் என்ற பத்தியில் 377 என்று இருந்தால் கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் வந்திருக்கிறது என்று பொருள். அது எட்டின் அடிமான எண் என்பதால் 400-ஐ எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். மூன்றிலும் கேள்விக்குறியும் ரீச் 0-வும் என்றால், யூடிபி 123 என்ற வழி ரவுட்டரிலோ ஃபயர்வாலிலோ அடைபட்டிருக்கக்கூடும். ஒரு மூலம் மட்டும் பதில் தராவிட்டால் கவலை வேண்டாம்.

அலுவலகத்தில் சிசிடிவி பதிவுப்பெட்டி, விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவி, எடைமேடைக் கணினி என்று பல இருந்தால், நேரம் கேட்க ஒவ்வொன்றையும் டெல்லிக்கு அனுப்ப வேண்டியதில்லை. அமைப்புக் கோப்பில் கூடுதலாக இரு வரிகளை எழுதினால், இந்தச் சர்வரே உள்வலைக்கு நேரம் தரும்.

அலவ் 192.168.1.0/24
லோக்கல் ஸ்ட்ராட்டம் 10

உள்வலை முகவரியை உங்கள் அலுவலகத்துக்கு ஏற்ப மாற்றி, ஃபயர்வாலில் அதே 123-ஐ உள்வலைக்கு மட்டும் திறந்துவிடுங்கள். இரண்டாம் வரி, இணையம் போனாலும் உள்வலைக் கருவிகள் தமக்குள் ஒரே நேரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். காவலர் அறைக் கேமராவும் வருகைப் பதிவும் நான்கு நிமிடம் வேறுபட்டு, யார் எப்போது உள்ளே வந்தார் என்ற வழக்கு முற்றுவது ஆலைகளில் புதிதல்ல.

கையால் வைக்க வேண்டிய கட்டாயம் வந்தால்

இணையமே இல்லை, பிழையோ ஆண்டுக்கணக்கில் என்னும்போது கையால் வைப்பது தவறில்லை. ஒத்திசைவை நிறுத்தி, நேரத்தை வைத்து, மீண்டும் ஒத்திசைவைத் தொடங்குங்கள். மூன்றும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ஃபால்ஸ்
சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம் "2026-01-19 21:15:00"
சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையும், இருபத்து நான்கு மணிக் கணக்கும், இருபுற மேற்கோள் குறியும் கட்டாயம். இக்கட்டளை வன்பொருள் கடிகாரத்தையும் சேர்த்தே திருத்திவிடும். டேட் என்ற பழைய கட்டளையால் நேரத்தை வைத்தவர்கள் மட்டும் அதன் பின் இதையும் இட வேண்டும்.

சூடோ எச்டபிள்யூகிளாக் --சிஸ்டோஎச்சி

பேட்டரி மாற்றுதல்

பெரும்பாலான மதர்போர்டுகளில் இருப்பது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் நாணய வடிவப் பேட்டரி. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதையே அந்த எண் சொல்கிறது. கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும். கழற்றுவதற்கு முன் பயாஸ் திரையின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி போனால் நேரம் மட்டுமன்றி, வட்டுகள் ரெய்ட் (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும்) முறையில் இயங்க வேண்டுமா, எந்த வட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்ற அமைப்புகளும் அழியக்கூடும். சர்வர் எழாமல் நிற்பதற்கு அதுவே காரணமாகும். மின்கம்பியைப் பிடுங்கி, உலோகப் பெட்டியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, கூட்டல் குறி மேலே இருக்கும்படி புதியதைப் பொருத்துங்கள். பயாஸில் நேரம் வைக்கும்போது லினக்ஸ் சர்வருக்கு இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து, பொது நேரத்தை வையுங்கள்.

மெய்நிகர் சர்வர், கன்டெய்னர், விண்டோஸ்

மெய்நிகர் சர்வருக்கு (வேறொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் சர்வர்) அதைத் தாங்கும் கணினி நேரத்தைத் தருவதுண்டு. அதுவும் க்ரோனியும் சேர்ந்து இருபுறமும் இழுத்தால் கடிகாரம் தள்ளாடும். தாங்கும் கணினியைச் சரிசெய்துவிட்டு, உள்ளே ஒரே ஒரு முறையை மட்டும் வையுங்கள். கன்டெய்னருக்கு (ஒரு நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் உறை) தனிக் கடிகாரமே இல்லை. அதற்குள் மாற்றக்கூடியது நேர மண்டலம் மட்டுமே.

விண்டோஸ் சர்வரில், நிர்வாகி உரிமையுள்ள கட்டளைச் சாளரத்தில் மண்டலத்தையும் மூலத்தையும் இப்படி அமைக்கலாம்.

டிஇசட்யூடில் /எஸ் "இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்"
டபிள்யூ32டிஎம் /கான்ஃபிக் /மேனுவல்பியர்லிஸ்ட்:"டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க்" /சிங்க்ஃப்ரம்ஃபிளாக்ஸ்:மேனுவல் /அப்டேட்
டபிள்யூ32டிஎம் /ரீசிங்க்

எல்லாக் கணினிகளின் உள்நுழைவையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டொமைன் அமைத்திருக்கும் அலுவலகத்தில் முதன்மைக் கட்டுப்பாட்டுச் சர்வரில் மட்டும் வெளி மூலத்தை வைக்க வேண்டும். மற்றவை அதைப் பின்பற்றிக்கொள்ளும். அங்கு ஒரு கணினி ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால், கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவு மறுக்கப்படும். கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டே இருப்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

வேலை முடிந்ததும் சர்வரை ஒருமுறை முழுவதும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, சில நிமிடம் கழித்து இயக்கி, ஏழு வரிகளையும் மறுபடி படியுங்கள். பின்னர், எந்த நாளில், பழைய நேரம் எதுவாக இருந்தபோது, எவ்வளவு முன்னே அல்லது பின்னே நகர்த்தினீர்கள் என்பதைச் சர்வர் அறையின் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய லாக்குகளைப் பின்னாளில் படிப்பவருக்கு எத்தனை நிமிடம் கூட்டியோ குறைத்தோ படிக்க வேண்டும் என்பது அந்த வரியிலிருந்துதான் தெரியவரும்.